வைரல் லோடு இறங்கிய பிறகும் அண்ணன் ஏன் வெளியே வரவில்லை?

கேள்வி, சுருக்கமாக: உசிலம்பட்டிக்குப் பக்கத்து ஊர். அண்ணனுக்கு 34 வயது. எச்.ஐ.வி. என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. மதுரைப் பெரியாஸ்பத்திரி ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து) சென்டரில் மாத்திரை வாங்குகிறார். ஆறாம் மாத வைரல் லோடு (ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்ற பரிசோதனை) 'டார்கெட் நாட் டிடெக்டட்', அதாவது கிருமி தென்படவில்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு மாதமாக வேலைக்குப் போவதில்லை, விசேஷ வீடுகளுக்குப் போவதில்லை, தூக்கமும் இல்லை. வாரத்தில் ஓரிரு நாள் மாத்திரையையும் விடுகிறார். அம்மா தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறார். மதினி பிள்ளையோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். சென்டரில் கேட்டால் உடம்பு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மனநல டாக்டரிடம் காட்டலாமா, இரண்டு மாத்திரையும் ஒத்துப்போகுமா? எனக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?

பதில்:

காட்டலாமா என்று யோசிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. இந்த வாரமே காட்டுங்கள். அதற்கு முன்னால் இன்று ராத்திரியே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அண்ணனோடு தனியாக உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "அண்ணே, செத்துப்போயிரலாம்னு நெனப்பு வருதா?" கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை. யாராவது கேட்டார்களே என்றுதான் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். "எப்பவாவது தோணும்" என்று சொன்னால் டாக்டரைப் பார்க்கும்வரை ஆள் துணை இருக்கட்டும். எப்போது, எப்படி என்று யோசித்து வைத்திருப்பது தெரிந்தால், மறுநாள் ஓ.பி. வரை காத்திருக்காமல் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். பதில் எதுவாக இருந்தாலும், பயிருக்கு அடிக்கும் மருந்து வீட்டிலோ மோட்டார் ரூமிலோ இருந்தால் இன்றே எடுத்து வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைத்துவிடுங்கள். சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான் உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதால் பிழைத்தவர்கள் நிறைய. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளிலும் திரும்பத் திரும்பத் தெரியவந்த விஷயம். முடிவு தெரிந்த முதல் சில வாரங்களும், விஷயம் ஊருக்குக் கசிந்த நாட்களும், துணை பிரிந்துபோன சமயமும் கூடுதல் ஆபத்தானவை. உங்கள் அண்ணனுக்கு மூன்றாவது நடந்துவிட்டது. இரண்டாவது எப்போது நடக்குமோ என்று பயந்துகொண்டிருக்கிறார். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், தானே முன்வந்து தகவல் சொன்னவர். கொடுத்த ரத்தத்தைச் சோதித்து அனுப்பும் பொறுப்பு அவருடையதும் அல்ல. விஷயம் பரவிய சில நாட்களிலேயே தற்கொலைக்கு முயன்று, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் உயிரை விட்டார். கிருமி அவரைக் கொல்ல இன்னும் பல வருடம் ஆகியிருக்கும். மாத்திரை எடுத்திருந்தால் கொன்றே இருக்காது.

இனி உடம்பு. சென்டரில் 'நல்லா இருக்கு' என்று சொன்னது ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து. சோர்வு, பசியின்மை, தூக்கமின்மை, எடை இறங்குவது எல்லாம் மனச்சோர்வில் வரும். ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு, ஆரம்ப நிலை டி.பி. ஆகியவற்றிலும் வரும். ஆகவே அடுத்த முறை போகும்போது ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு), பி12, சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம்) ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை இருந்தால் டி.பி. பரிசோதனையும் வேண்டும். ஒன்றை மட்டும் மனநலப் பிரச்சினை என்று தள்ளிவிடக் கூடாது: விடாத தலைவலி, காய்ச்சல், வாந்தி, பேச்சில் குழப்பம், ஆள் அடையாளம் தெரியாமல் போவது, திடீரென்று குணம் மாறுவது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இருந்தவருக்கு இவை வந்தால் மூளையில் தொற்று இருக்கலாம். 'பித்துப் பிடிச்சிருச்சு' என்று பாண்டி கோயிலுக்கோ ஏர்வாடிக்கோ கூட்டிக்கொண்டு அலையும் இரண்டு நாளில் உயிரே போய்விடலாம். சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, முதலில் ஆஸ்பத்திரி.

மருந்தும் காரணமாக இருக்கலாம். இப்போது பெரும்பாலும் கொடுப்பது டி.எல்.டி. என்ற ஒரே மாத்திரை: டெனோபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். முன்பே மனச்சோர்வு இருந்தவர்களில் சிலருக்கு அதைக் கூட்டவும் செய்யும். அண்ணன் ராத்திரி படுக்கும்முன் போடுகிறார் என்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் காலைக்கு மாற்றிப் பாருங்கள். சிலருக்கு இது ஒன்றிலேயே தூக்கம் திரும்பிவிடும். பழைய கூட்டு மருந்தில் எஃபாவிரென்ஸ் இருந்தால் கதை வேறு. அதற்கு பயங்கரமான கனவு, கிறுகிறுப்பு, மனச்சோர்வு எல்லாம் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவுகள். தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு அந்த மருந்தை மாற்றித்தரச் சொல்லிக் கேட்பதே சரி. டி.பி. வராமல் தடுக்க 6 மாதம் கொடுக்கும் ஐசோநியாசிட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுவும் அபூர்வமாக மனக்குழப்பத்தையும் பிரமையையும் உண்டாக்கும். சென்டரில் எந்தெந்த டப்பா கொடுத்திருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகு மிஞ்சுவது மனச்சோர்வு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதுதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அளந்து பார்க்க பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் இருக்கிறது. தமிழிலும் உண்டு, சென்டர் ஆலோசகரிடம் கேட்கலாம். கடந்த இரண்டு வாரத்தை மனதில் வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும், மொத்தம் 27. 10-ம் அதற்கு மேலும் வந்தால் டாக்டர் பார்க்க வேண்டிய அளவு. கூட்டுத்தொகை 6 வந்தாலும் ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எண் போட்டிருந்தால் அதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும்; அது சாக நினைப்பதைப் பற்றிய கேள்வி. உடம்பு நோயால் வரும் சோர்வையும் இதையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி: முன்பு ஆசையாய்ச் செய்தது இப்போது பிடிக்கிறதா, தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார் என்று கவனியுங்கள். ரத்தசோகைக்காரர் 'முடியல' என்பார். மனச்சோர்வில் இருப்பவர் 'நான் எதுக்கு' என்பார். குடியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தூக்கத்துக்காக ஒரு குவார்ட்டர் என்று ஆரம்பித்து, அதே குடி தூக்கத்தைக் கெடுத்து, மாத்திரையையும் மறக்கவைத்து, மனதையும் இறக்கிவிட்டவர்கள் நிறைய. தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். நடுக்கமும் வலிப்பும் வரலாம். அதையும் டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

உடம்பு தேறியவருக்கு மனம் ஏன் தேறவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் கிடப்பது. ஒதுக்குதல் என்றால் ஊர் நேராக ஒதுக்குவதை மட்டும் நினைக்கிறோம். அப்படி நேராக நடப்பது இப்போது முன்னைவிடக் குறைந்திருக்கிறது. அன்றாடம் ஆளை அரிப்பது 'தெரிந்துவிட்டால்' என்ற எதிர்பார்ப்பு. அதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. டீக்கடையில் இரண்டு பேர் இவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தால் போதும். கடைசியில் ஊர் சொல்வதைத் தானே நம்பிவிடுவது வரும்: 'செஞ்ச பாவத்துக்கு வந்துச்சு', 'நான் தொட்டா பிள்ளைக்கு ஆகாது.' மூன்றிலும் கொடியது இதுதான். கிருமியை மாத்திரை அடக்கிவிட்டது. இந்த இரண்டையும் யாரும் தொடவே இல்லை. விசேஷ வீட்டுக்குப் போகாமல் இருப்பதும் வேலையை விட்டதும் இந்தப் பயத்திலிருந்து தப்பிக்க அவர் கண்ட வழிகள். போகாமல் இருந்தால் அன்றைக்கு நிம்மதி. ஆனால் போகாத ஒவ்வொரு முறையும் அடுத்த முறை போவது இன்னும் கடினமாகும்.

மாத்திரை விடுபடுவதும் இதே பயத்தால்தான் பெரும்பாலும். 'ஞாபக மறதி' என்று சென்டரில் எழுதிக்கொள்வார்கள். உண்மையில் நடப்பது என்னவென்றால், சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பார், அல்லது வேலையிடத்து ரூமில் நான்கு பேர் இருப்பார்கள், டப்பாவை எடுத்தால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள். உசிலம்பட்டிக்காரர் தெரிந்த முகம் இருக்கக் கூடாதென்று கே.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவதும், ஆண்டிபட்டிக்காரர் அதே காரணத்துக்காக மதுரைக்கு வருவதும், இரண்டு பேரின் பஸ்ஸும் வழியில் எதிரெதிரே கடப்பதும் இங்கே உண்டு. பஸ் காசு போகட்டும், ஒரு நாள் கூலியும் போகிறது. மழை, திருவிழா, கையில் காசில்லை என்று ஒரு மாதம் தவறினால் மாத்திரை நின்றுபோகும். நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துத் தருவதும், பக்கத்து ஊர் இணைப்பு ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றிவிடுவதும் உண்டு. எது தோதென்று அண்ணனே சொல்லட்டும். தூரத்து சென்டர்தான் அவருக்கு நிம்மதி என்றால் தூரத்திலேயே இருக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியவை சின்னச் சின்ன வேலைகள். டி.எல்.டி.யைச் சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். ஆகவே ஆள் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதிகாலையில் பல் விளக்கியதும் என்பது பலருக்கு ஒத்துவருகிறது. லேபிளைக் கிழித்துவிட்டுப் பேப்பரில் மடித்து வைப்பதும், பர்ஸில் செருகி வைப்பதும் வேண்டாம். ஈரம் பட்டால் மாத்திரை கெடும். டப்பாவுக்குள் இருக்கும் சிலிக்கா பொட்டலம் அதற்காகத்தான். பெரிய டப்பா வீட்டுப் பெட்டியில் பூட்டியே இருக்கட்டும். வெளியூருக்கு நான்கைந்து நாளைக்கானதை மட்டும் இறுக்கமான மூடியுள்ள சின்ன டப்பியில் எடுத்துப் போகலாம். ஒரு நாள் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளட்டும், பஸ் ஸ்டிரைக்கை யார் கண்டது. யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலை முன்கூட்டியே பழகி வைத்திருக்க வேண்டும்: 'கொழுப்பு மாத்திரை', 'சத்து மாத்திரை', எதுவோ ஒன்று, எல்லாரிடமும் அதே ஒன்று. பொய்தான், இதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. ஆனால் வேறு எந்த டாக்டரிடம் போனாலும் அவரிடம் மட்டும் உண்மையான மாத்திரைப் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. தவறிய நாட்களை ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில் 'எல்லாம் போட்டேன்' என்று சொல்லிவிட்டால், வைரல் லோடு ஏறிய பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர்கள் தப்பாகக் கணக்குப் போட வேண்டிவரும்.

அம்மாவின் தட்டும் டம்ளரும். எச்.ஐ.வி. எச்சிலால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கக்கூஸ், கொசுக்கடி, தொடுவது, இருமல் எதிலும் பரவாது. அண்ணனின் வைரல் லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இருந்து, மாத்திரையையும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தால் உடலுறவு மூலமாகக்கூடப் பரவாது. இது ஆயிரக்கணக்கான ஜோடிகளிடம் பார்த்து உறுதியானது. இப்போது வாரம் ஓரிரு நாள் விடுகிறாரே, அதனால் அடுத்த வைரல் லோடு வரும்வரை இந்த உறுதியை நம்பி ஆணுறையை விட வேண்டாம். பிறரோடு பகிரக் கூடாதவை ரேசர் பிளேடும் ஊசியும். ரத்ததானம் செய்யக் கூடாது. அவ்வளவுதான்.

இதை அம்மாவிடம் பாடமாக நடத்தினால் தலையாட்டிவிட்டு மறுபடியும் தனித் தட்டையே எடுத்து வைப்பார். அவருக்கு இரண்டு பயம் இருக்கிறது. கிருமிப் பயம் ஒன்று. 'தனித் தட்டு வைக்கலையான்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா' என்ற பயம் இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் ஒரே ஒரு நல்ல உட்காரலில் போய்விடும். அண்ணன் சம்மதித்தால் அம்மாவை சென்டருக்குக் கூட்டிப்போய், ஆலோசகர் வாயாலேயே கேட்கவையுங்கள். வெள்ளைக் கோட்டுக்கு இருக்கும் மதிப்பு மகள் பேச்சுக்கு இல்லை, என்ன செய்வது. இரண்டாவது பயம் மெதுவாகத்தான் போகும். அதற்கு வாதம் வேண்டாம். நீங்கள் அண்ணன் தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள், அண்ணன் குடித்த சொம்பில் தண்ணீர் குடியுங்கள், எதுவும் சொல்லாமல். அம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் திட்டிவிடவும் வேண்டாம். பிள்ளைக்கு மாத்திரை நேரம் ஆகிவிட்டதென்று முதலில் குரல் கொடுக்கப்போவது பெரும்பாலும் அம்மாதான்.

மதினி விஷயத்தில் நீங்கள் தெளிவாக எழுதவில்லை: அவருக்கும் பிள்ளைக்கும் பரிசோதனை ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் இலவசம். முடிவு அவரிடம் மட்டும்தான் சொல்லப்படும். நெகட்டிவ் வந்தாலும் கடைசியாகத் தொற்ற வாய்ப்பிருந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். பாசிட்டிவ் வந்தால் அவருக்கும் அன்றே சிகிச்சை தொடங்கலாம். நம் ஊர்களில் நடக்கும் பெரிய அநியாயம் ஒன்று இங்கே உண்டு. கர்ப்பத்தின்போது பெண்ணுக்குத்தான் முதலில் டெஸ்ட் எடுக்கிறார்கள். அதனால் 'இவதான் கொண்டுவந்தா' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதலில் தெரிந்தவருக்குத்தான் முதலில் வந்தது என்று எந்தக் கணக்கும் கிடையாது. உங்கள் வீட்டில் நிலைமை தலைகீழாக இருந்தாலும், யாரிடமிருந்து யாருக்கு என்ற விசாரணையைத் தயவுசெய்து தொடங்காதீர்கள். மதினி திரும்ப வருவது வராதது அவர் முடிவு. அவருக்கும் பேச ஆள் வேண்டும், அவர் மனநிலையையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மனநல சிகிச்சைக்குப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது. ஏ.ஆர்.டி. மருத்துவரிடமே கடிதம் வாங்கிப் போனால் இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் தெரிந்திருக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறித்த நாட்களில் வருகிறார்கள். எந்த நாள் என்று ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. இருப்பதை மனநல டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். மருந்துகள் மோதும் இடம் இருக்கிறது, அதனால். மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் இரண்டும் டி.எல்.டி.யோடு நன்றாக ஒத்துப்போகும். செர்ட்ராலின் என்றால் 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டலும் படபடப்பும் வரலாம், பலன் தெரியாது. இங்கேதான் பாதிப் பேர் 'வேலைக்காகல' என்று நிறுத்துகிறார்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தூக்கமும் பசியும் முதலில் திரும்பும், மனம் கடைசியில். முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பின்பு டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மோதுவது கார்பமாசெபின், பெனிடாயின், பெனோபார்பிட்டோன் மூன்றும். வலிப்புக்கும் சில மனநலப் பிரச்சினைகளுக்கும் கொடுப்பவை. டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும், அப்போது கிருமி தப்பிக்கொள்ளும். டி.பி.க்கான ரிபாம்பிசினும் அப்படியே. அதனால்தான் அந்தச் சமயத்தில் டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்குகிறார்கள். லித்தியம் கொடுத்தால், டெனோபோவிரோடு சேர்ந்து அது சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். கிரியாட்டினின் பரிசோதனையை அடிக்கடி எடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சுயமாக வாங்கும் பொருட்களில்தான் தப்பு அதிகம். அல்சர் ஜெல், சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் டோலுடெக்ராவிரை வயிற்றிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அவற்றைப் போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டி.எல்.டி.யைப் போட வேண்டும். தூக்கத்துக்கென்று அல்ப்ராசோலத்தை ஷாப்பில் வாங்கித் தொடர்ந்து போடுவது பழக்கமாகி மாட்டிக்கொள்ளும். 'வேரோடு எடுக்கிறேன்' என்று சொல்லி ஏ.ஆர்.டி.யை நிறுத்தச் சொல்லும் நாட்டு வைத்தியர் யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். கிருமி திரும்புவதோடு போகாது. ஹெபடைடிஸ் பி-யும் இருப்பவருக்கு டெனோபோவிரைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

மாத்திரை மட்டும் போதாது. மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையில் வீட்டில் நீங்களே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு: மனசு சரியானதும் வேலை செய்வோம் என்று காத்திராமல், வேலையைத் தொடங்கி மனசைப் பின்னால் வரவைப்பது. தினமும் இரண்டு காரியம், முந்தின ராத்திரியே நேரத்தோடு முடிவு செய்தது. ஒன்று கடமை: மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது மாதிரி. இன்னொன்று முன்பு பிடித்தது: கபடி பார்ப்பதோ, கண்மாய்க் கரையில் நடப்பதோ. 'வேலைக்குப் போ' என்று ஒரே தாவலாகத் தள்ளினால் நடக்காது. பயத்துக்கும் அப்படியே. முதலில் கடைக்குப் போய் ஐந்து நிமிடம், பிறகு துக்க வீட்டில் முகம் காட்டிவிட்டு வருவது, கடைசியாகத் தாய்மாமன் முறை செய்ய வேண்டிய கல்யாணம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'என்ன நடக்கும்னு பயப்படுற' என்று கேளுங்கள்; திரும்பி வந்ததும் என்ன நடந்ததென்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். தொற்றோடு பத்துப் பதினைந்து வருடமாக வேலை செய்து பிள்ளை வளர்க்கும் ஒருவரைச் சந்திக்கவைத்தால் அது பல ஆலோசனைகளுக்குச் சமம். எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புகள் நடத்தும் 'விஹான்' ஆதரவு மையங்கள் இதற்காக இருக்கின்றன. சென்டர் ஆலோசகர் வழிகாட்டுவார், அரசின் எச்.ஐ.வி. உதவி எண் 1097-லும் கேட்கலாம்.

வேலையை இதற்காக எடுத்துவிட்டார்கள் என்றாலோ, ஆஸ்பத்திரியில் கோப்பின் மேல் தெரியும்படி குறியிட்டார்கள் என்றாலோ, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள் என்றாலோ சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ளது. வேலை, சிகிச்சை, படிப்பு, வாடகை, காப்பீடு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது. சம்மதமில்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்திலும், 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவ நிறுவனத்திலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். மாநில அளவில் குறைதீர்ப்பாளருக்குச் சிகிச்சை மறுப்பு போன்ற புகாரை எழுதலாம். 30 நாளில் உத்தரவு, அவசர சிகிச்சை விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் முயல வேண்டும். புகாரில் தேதி, இடம், யார் என்ன சொன்னார் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்; ஓ.பி. சீட்டு நகல் வையுங்கள். வழக்கு நீதிமன்றம் போனால் பெயரை மறைத்து நடத்தக் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தகுதி உள்ளவர்களுக்கு வக்கீல் இலவசம். ஆனால் மனம் உடைந்திருக்கும் ஆளை உடனே புகார், வழக்கு என்று இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆதாரத்தை எடுத்து வையுங்கள். தூக்கம் திரும்பிய பிறகு அவரே முடிவெடுக்கட்டும்.

கடைசியாக உங்கள் வரன். மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இது அண்ணனின் உடல் பற்றிய ரகசியம். நம்பிச் சொன்ன ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதையே அந்தச் சட்டம் தடுக்கிறது, சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. பாரம்பரிய நோயும் இல்லை, உங்கள் மூலமாக யாருக்கும் வரப்போவதும் இல்லை. ஒருவேளை மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று உங்கள் மனசுக்குப் பட்டால், முதலில் அண்ணனிடம் கேளுங்கள்; எந்த வார்த்தையில் சொல்வது, விஷயம் யாரோடு நிற்க வேண்டும் என்பதையும் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். 'உன் கல்யாணத்துக்கு நான்தான் தடை' என்று அவர் இப்போதே உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. பெண் பார்க்க வரும் தேதி குறிக்கும்போது அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுவிட்டே குறியுங்கள்.